சீரகச் சம்பாவைக் கேட்டால் பாசுமதி தரும் படக்களஞ்சியம்: ஒரு சந்தாதாரரின் மதிப்புரை

தமிழில் சமையல் நூல்களை வெளியிடும் சிறிய பதிப்பகம் ஒன்றில் படத்தேர்வு என் பொறுப்பு. எல்லாப் பக்கங்களுக்கும் சொந்தமாகப் படமெடுப்பது எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், மாதச் சந்தா செலுத்திப் படங்களைத் தரவிறக்கிக்கொள்ளும் பன்னாட்டு ஸ்டாக் போட்டோ தளம் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறோம். இந்த மதிப்புரை அந்தத் தளத்தின் உணவுப் பகுதியைப் பற்றியது மட்டுமே. தளத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். போட்டித் தளங்களிலும் பெரும்பாலும் அதே படக்கலைஞர்கள் அதே படங்களைத்தான் ஏற்றுகிறார்கள் என்பதால், ஒன்றை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பத் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. இரட்டைப் பக்கத்தில் அச்சிட்டாலும் பிசிறடிக்காத அளவுக்குப் படங்கள் பெரிதாகக் கிடைக்கின்றன, உரிம விதிகள் குழப்பமின்றி எழுதப்பட்டிருக்கின்றன, ஒரு படம் பிடித்துவிட்டால் அதே படப்பிடிப்பில் எடுத்த மற்றவற்றையும் ஒரே இடத்தில் பார்த்துவிட முடிகிறது. கேக், ரொட்டி, பாஸ்தா, பழச்சாறு போன்றவற்றுக்குப் படம் தேடுகிறவர் சற்று நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு எழுந்துவிடலாம். சிக்கல் எல்லாம் வேறு சமையலறைகளின் பக்கம் திரும்பும்போதுதான் தொடங்குகிறது.

சீரகச் சம்பா பிரியாணி என்று தேடினால் பக்கம் பக்கமாக நீண்ட பாசுமதிதான் வருகிறது. திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் அண்டாவைத் திறந்து கரண்டி போடும்போது தெரிகிற, மணி சிறுத்த, மசாலாவைக் குடித்து மங்கிய பழுப்பேறிய அந்தச் சோறு எங்கும் இல்லை. அதற்குப் பதிலாக, பாதி வெள்ளையும் பாதி குங்குமப்பூ நிறமுமாக உதிர்ந்து கிடக்கும் சோற்றின் மேல், எண்ணெயையே பார்த்திராத பட்டையும் அன்னாசிப்பூவும் நட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. கொழுக்கட்டையைத் தேடினால் மராட்டிய மோதகமும் சீனத்து டம்ப்ளிங்கும் கலந்து வருகின்றன. கருவாட்டுக் குழம்புக்குக் குழம்பே வருவதில்லை. கடற்கரை மணலில் மீன் உலர்த்தும் மூதாட்டிகள் வருகிறார்கள். வாழையிலைச் சாப்பாட்டுப் படங்கள் பலவற்றில் இலையின் நுனி உண்பவருக்கு வலப்பக்கம் இருக்கிறது. ஒரு படத்தில் இலையை நெடுக்குவாட்டில் போட்டு, நுனி உண்பவரின் மார்பைப் பார்க்கும்படி வைத்து, நடுநரம்பின் மேலேயே சாம்பார்க் கிண்ணத்தை நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கிண்ணம் படம் எடுத்து முடிக்கும்வரை சாயாமல் இருந்ததே பெரிய விஷயம்.

இவற்றையெல்லாம் இனவெறி என்று நான் சொல்லமாட்டேன். தெரியாதவர் எடுத்து, தெரியாதவர் சரிபார்த்து, தெரியாதவருக்கு விற்கிற படங்கள் இவை, அவ்வளவுதான். உணவுப் படங்களைப் பற்றிய விவாதத்தில் எல்லாப் பிழைகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதால்தான் எதிர்த்தரப்பார் "ஒரு இலையைத் திருப்பி வைத்ததற்கா இவ்வளவு கூச்சல்" என்று கேலி செய்து தப்பித்துக்கொள்கிறார்கள். இலையைத் திருப்பி வைத்ததை ஒரு மின்னஞ்சலில் சரிசெய்துவிடலாம். அப்படிச் சரிசெய்ய முடியாதவை வேறு சில இருக்கின்றன, இந்த மதிப்புரையை எழுதவைத்தவையும் அவைதாம்.

முதலாவது, படங்களின் பொதுவான தோற்றம். இந்திய, ஆப்பிரிக்க, மெக்சிகோ உணவுகளுக்கென்று இத்தளத்தில் ஏறக்குறைய எழுதப்படாத சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது: பின்னணி இருட்டாக இருக்கவேண்டும், மேசை பட்டை உரிந்த பழைய பலகையாக இருக்கவேண்டும், கீழே சாக்குத்துணி, பக்கத்தில் நசுங்கிய செம்புப் பாத்திரம், சுற்றிலும் கைப்பிடி மஞ்சள்தூளும் வரமிளகாயும் சிந்திக் கிடக்கவேண்டும். நம் வீடுகளில் சமையல் மேடையில் மஞ்சள்தூள் அப்படிச் சிந்தினால் என்ன பேச்சு வாங்க நேரும் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். எவர்சில்வர் தட்டு, டைல்ஸ் பதித்த அடுப்படி, குழல்விளக்கின் கீழ் ஒரு சாதாரணச் சாப்பாட்டு மேசை, அதில் ரசமும் பீன்ஸ் பொரியலும் என்று ஒரு படம் தேடிப் பாருங்கள், கிடைக்காது. டவரா தம்ளரில் காபி கிடைக்கும், ஆனால் அதன் அடியிலும் சாக்குத்துணி விரிக்கப்பட்டிருக்கும்.

இத்தாலிய உணவுக்கும் கட்டம்போட்ட மேசைவிரிப்பும் மர மேசையும் வைத்து எடுக்கிறார்களே, அது மட்டும் வார்ப்பு இல்லையா என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். வார்ப்புதான். ஆனால் இத்தாலிய உணவுக்கு அந்த ஒரு வார்ப்போடு, வெள்ளைப் பீங்கானில், கண்ணாடி மேசையில், குழந்தைகளின் டிபன் டப்பாவில், அலுவலக மதிய இடைவேளையில், நள்ளிரவில் குளிர்பதனப் பெட்டியின் முன் என்று நூறு வகைப் படங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. நமக்கு அந்த ஒரு வார்ப்பு மட்டுமே கிடைக்கிறது. "குடும்பம் இரவு உணவு" என்று மட்டும் தேடினால் ஐரோப்பியக் குடும்பம் வரும். "இந்திய" என்ற சொல்லைச் சேர்த்தால்தான் நாம் வருவோம், வரும்போதும் பட்டுடுத்தி, நெற்றிச்சுட்டி அணிந்து, அகல்விளக்கு ஏற்றிக்கொண்டுதான் வருவோம். செவ்வாய்க்கிழமை இரவு நைட்டியும் லுங்கியுமாகத் தோசை தின்னும் ஒரு குடும்பத்துக்கு இத்தளத்தில் இடமில்லை.

இரண்டாவது, சாப்ஸ்டிக்ஸ் குச்சிகள். இந்தப் பிரச்சினை நம்முடையது இல்லையென்றாலும், தளத்தின் போக்கை அறிய இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. தாய்லாந்து மக்கள் சோற்றைக் கரண்டியாலும் முள்கரண்டியாலும் உண்கிறார்கள். குச்சிகள் பெரும்பாலும் நூடுல்ஸுக்குத்தான். பிலிப்பைன்ஸிலும் கரண்டியும் முள்கரண்டியும், அல்லது நம்மைப் போலவே கையும். ஆனால் இத்தளத்தில் இரு நாட்டுச் சோற்றுப் படங்களின் ஓரத்திலும் ஒரு ஜோடிக் குச்சிகள் தவறாமல் கிடக்கின்றன. பிலிப்பைன்ஸ் வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் செலஸ்ட் நோச்சே போன்றவர்கள், பிற பண்பாட்டு உணவுகளை இப்படிக் கைக்குக் கிடைத்த பொருள்களால் அலங்கரித்துப் படமெடுக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகளாகவே கேள்விக்கு உட்படுத்தி வருகிறார்கள். இதைவிட மோசமானவை, சோற்றுக் கிண்ணத்தின் நடுவில் குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைத்த படங்கள். ஜப்பானிலும் சீனாவிலும் அது இறந்தவருக்குப் படைக்கும் சோற்றை நினைவூட்டும் செயல். கல்யாண அழைப்பிதழில் வாய்க்கரிசியின் படத்தை அச்சிடுவது போன்றது. இத்தளத்தில் அத்தகைய படங்கள் "கொண்டாட்டம்" என்ற குறிச்சொல்லோடு விற்பனைக்கு இருக்கின்றன.

இதே குச்சிகளால் பெரிய நிறுவனங்களும் சூடுபட்டிருக்கின்றன. 2018 நவம்பரில் இத்தாலிய ஆடை நிறுவனமான டோல்சே அண்ட் கபானா, சீன மாடல் ஒருவர் பீட்சாவையும் ஸ்பகெட்டியையும் குச்சிகளால் தின்னத் தடுமாறுவதாக விளம்பரம் எடுத்து, அதனால் கிளம்பிய எதிர்ப்பில் ஷாங்காயில் நடத்தவிருந்த ஆடை அணிவகுப்பையே ரத்து செய்தது. அடுத்த ஆண்டு நியூசிலாந்தில் பர்கர் கிங், வியட்நாமியச் சுவை கொண்ட பர்கர் ஒன்றை ராட்சதக் குச்சிகளால் தின்பதாகக் காட்டிய விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டு இடங்களிலும் உணவு சுவையாக இருக்கிறதா என்பது கேள்வியாகவே இல்லை. உண்பவரைப் பார்த்துச் சிரிக்கவைப்பதற்கே அந்தக் குச்சிகள் கொண்டுவரப்பட்டன. அலங்காரப் பொருளாக ஓரத்தில் கிடப்பதற்கும் கேலிப்பொருளாக நடுவுக்கு வருவதற்கும் இடையே தூரம் அதிகமில்லை என்பதால்தான் ஓரத்தில் கிடப்பதையும் நான் பொருட்படுத்துகிறேன்.

மூன்றாவது, கையால் உண்ணுதல். இதில்தான் இத்தளம் என்னை மிகவும் சோர்வடைய வைத்தது. கையால் உண்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் தட்டினால் இரண்டு உலகங்கள் வருகின்றன. ஒன்றில் பீட்சாவையும் பர்கரையும் பிடித்த கைகள். அவற்றுக்குரிய முகங்கள் சிரிக்கின்றன, குறிச்சொற்களில் "நண்பர்கள்", "வார இறுதி", "மகிழ்ச்சி" என்று இருக்கிறது. மற்றொன்றில் சோற்றைப் பிசையும் கைகள். மிகக் கிட்டத்தில், நகக்கண்ணும் விரலிடுக்கில் ஒட்டிய பருக்கையும் தெரியும்படி எடுக்கப்பட்டவை, முகம் இல்லாதவை, குறிச்சொற்களில் "வறுமை", "பசி", "கிராமம்", "மூன்றாம் உலகம்". எங்கள் பதிப்பகம் வெளியிட்ட பந்திப் பரிமாறல் பற்றிய நூலுக்குத் தேடியபோது, நல்ல வெளிச்சத்தில் எடுத்த அருமையான கல்யாணப் பந்திப் படம் ஒன்று "உணவு உதவி" என்ற தலைப்பின் கீழ் இருந்தது. பந்தியில் அமர்ந்திருந்தவர்களின் கழுத்தில் சங்கிலியும் கையில் கடிகாரமும் பளபளத்தன. குறிச்சொல் எழுதியவர் கண்ணுக்குத் தரையில் அமர்ந்திருந்தது மட்டுமே தெரிந்திருக்கிறது.

முகம் இல்லாமல் கை மட்டும் வருவதற்கு ஒரு அலுவலகக் காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் படக்கலைஞர்களுக்கு அநீதி செய்தவனாவேன். முகம் அடையாளம் தெரிகிற படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமானால் அந்த நபர் கையொப்பமிட்ட சம்மதப் படிவம் தேவை. மும்பையிலோ மதுரையிலோ தெருவோரக் கடையில் படமெடுக்கிறவர் பரோட்டா மாஸ்டரிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்பதில்லை. கையையும் கல்லையும் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். படிவத்தை உள்ளூர் மொழிகளில் தந்தாலே இந்தத் தளத்தில் நம்மவர்களுக்கு முகம் முளைத்துவிடும். கேட்டுப் பார்த்தேன், பரிசீலிப்பதாகப் பதில் வந்தது.

உணவையும் வறுமையையும் ஒரே சட்டகத்தில் அடைக்கிற இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, உணவு ஒளிப்படம் பற்றிப் பேசுகிற எவரும் மறக்கக்கூடாத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இத்தாலிய ஒளிப்படக் கலைஞர் அலெசியோ மாமோ, உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் கிராமத்து ஏழைகளை ஒரு மேசையின் முன் நிற்கவைத்து, மேசையில் போலி உணவுகளைப் பரப்பி, கண்களைக் கைகளால் மூடிக்கொண்டு தாங்கள் விரும்பும் உணவைக் கனவு காணும்படி சொல்லிப் படமெடுத்திருந்தார். 2018 ஜூலையில் அந்தப் படங்கள் வேர்ல்டு பிரஸ் போட்டோ அறக்கட்டளையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வெளிவந்தபோது கடும் கண்டனம் எழுந்தது. மேற்கத்திய நாடுகள் உணவை வீணாக்குவதைப் பற்றிச் சிந்திக்க வைப்பதே தன் நோக்கம் என்று விளக்கிய மாமோ, பின்னர் வருத்தமும் தெரிவித்தார். நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் படத்தில் நிற்கிறவர் அதன் வாசகராக ஒருபோதும் இருக்கமாட்டார் என்ற உறுதி இருந்தால்தான் அப்படி ஒரு படத்தை எடுக்க முடியும். கண்ணை மூடச் சொன்னது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். பார்க்கும் உரிமை முழுவதும் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. இத்தளத்தின் முகமற்ற கைகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வருகிறது.

தளத்தோடு வரும் படத்திருத்தக் கருவியைப் பற்றியும் சொல்லவேண்டும். "உணவு" என்ற பெயரில் அதில் உள்ள ஆயத்த ஃபில்டரை அழுத்தினால் வெளிச்சம் கூடி, மஞ்சள் வெளிறி, நிழல்கள் நீலம் பாய்கின்றன. பாலாடைக்கட்டிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் அது அழகு சேர்க்கிறது. புளிக்குழம்பின் மேல் அழுத்திப் பார்த்தேன்: எண்ணெய் பிரிந்து நிற்கும் அந்த ஆழ்ந்த செம்பழுப்பு, சேற்றுத் தண்ணீர் போல ஆகிவிட்டது, பரிமாறுகிறவரின் கை சாம்பல் பூத்துப்போனது. பழுப்பைக் கையாளத் தெரியாத கருவிகளுக்கு ஒளிப்பட வரலாற்றில் நீண்ட மரபு இருக்கிறது. கோடாக் நிறுவனம் வண்ணத்தைச் சரிபார்க்கும் மாதிரிப் படங்களாக வண்ணப்பட ஆய்வகங்களுக்கு அனுப்பிய "ஷெர்லி அட்டை"களில் பல்லாண்டுகள் வெள்ளைப் பெண்களே இருந்தார்கள்; அவர்களின் சருமத்தை ஒட்டியே வண்ணச் சமநிலை தீர்மானிக்கப்பட்டதால், கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும்படி அச்சாயின. படச்சுருளில் பழுப்பு நிறங்கள் திருந்தியதற்கு, சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் தங்கள் பொருள் சரியாகப் பதிவாகவில்லை என்று முறையிட்டதே பெரிய காரணம் என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களே கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத்திடம் கூறியிருக்கிறார்கள். மனிதர்களின் முகத்துக்குக் கிடைக்காத கவனம் சாக்லேட்டுக்குக் கிடைத்தது. புளிக்குழம்புக்காக முறையிட இன்னும் பெரிய நிறுவனம் எதுவும் கிளம்பவில்லை போலும்.

இவ்வளவையும் படிக்கிறவர் இதை வெள்ளையர் நம்மை இழிவுபடுத்தும் கதையாக மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி உண்மையே கையில் நிற்கும். மேலே சொன்ன சாக்குத்துணிப் படங்களில் ஏராளமானவற்றை ஏற்றியவர்கள் இந்தியப் படக்கலைஞர்கள்தாம்; அவர்களின் பெயர்களும் ஊர்களும் படத்தின் கீழேயே இருக்கின்றன. ஒரு படம் தரவிறக்கப்படும்போதுதான் அவர்களுக்குக் காசு. எந்தப் படம் விற்கிறது என்பதைத் தளம் அவர்களுக்குக் காட்டுகிறது. விற்பது எதுவோ அதையே திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். லண்டனில் ஒரு விளம்பர முகமைக்கு இந்திய உணவு என்றால் இருட்டும் செம்பும் தேவை, அதனால் பெங்களூருவில் ஒருவர் தம் வீட்டு எவர்சில்வரை ஒதுக்கிவிட்டு நசுங்கிய செம்பை வாடகைக்கு எடுக்கிறார். சென்னையிலும் உணவகங்கள் தங்கள் மெனு அட்டைக்கு இதே படங்களைத்தான் வாங்கி அச்சிடுகின்றன. இப்படியாக, யாரோ நம்மைப் பற்றி வைத்திருந்த படிமத்தைக் காசு கொடுத்து வாங்கி நம் வீட்டுச் சுவரிலேயே மாட்டிக்கொள்கிறோம்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்கள் இப்போது இதில் சேர்ந்திருக்கின்றன. அவை தனியாகக் குறியிடப்பட்டிருப்பதும், ஒதுக்கிவிட வசதி தந்திருப்பதும் பாராட்டத்தக்கவை. எந்தப் படங்களைப் பார்த்து அவை பழகினவோ அந்தப் படங்களின் குணமே அவற்றில் இரட்டிப்பாகத் தெரிகிறது: சாம்பார் தக்காளி சூப்பாகிவிடுகிறது, இட்லி பன்னைப் போல உப்பி நிற்கிறது, வடையின் ஓட்டை ஓரத்துக்குப் போய்விடுகிறது. இதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சரிசெய்ய முடியாத வேலையா இது என்றால், இல்லை. படத்தை மாற்றுவது கடினம், படத்தின் கீழே உள்ள எழுத்தை மாற்றுவது எளிது, அதையாவது செய்யலாம். எபிக்யூரியஸ், போன் அப்பெட்டிட் ஆகிய அமெரிக்கத் தளங்கள் 2020-இல், தங்கள் காப்பகத்தில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த சமையல் குறிப்புகளின் தலைப்புகளையும் முன்னுரைகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கின. பிற நாட்டு உணவை விநோதப் பொருளாகக் காட்டும் சொற்களை நீக்குவதும், உணவு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதும் அந்தப் பணியில் அடங்கும். போன் அப்பெட்டிட் அதை ஞானோதயத்தால் செய்துவிடவில்லை. வியட்நாமியரின் ஃபோ சூப்பை எப்படிச் சாப்பிடவேண்டும் என்று வெள்ளைச் சமையல் கலைஞர் ஒருவர் பாடம் நடத்தும் காணொளியை 2016-இல் வெளியிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. 2020 ஜூனில், ஒரு ஹாலோவீன் விருந்தில் புவேர்ட்டோ ரிக்கோக்காரரைக் கேலி செய்யும் வேடத்தில் இருந்த பழைய படம் வெளிவந்ததால் அதன் தலைமை ஆசிரியர் ஆடம் ராப்பபோர்ட் பதவி விலகினார். வெள்ளையரல்லாத ஊழியர்கள் ஊதியப் பாகுபாட்டை வெளிப்படையாகப் பேசினார்கள். அடிபட்ட பிறகு செய்தார்கள் என்றாலும் செய்தார்கள்.

நாங்கள் சந்தா செலுத்தும் தளத்தில் பிழையான படத்தைப் பற்றி முறையிட ஒரு பொத்தான் இருக்கிறது. ஆனால் அது தரும் காரணப் பட்டியலில் காப்புரிமை மீறல், ஆபாசம், தெளிவின்மை ஆகியவை உண்டு. தவறான பண்பாட்டுத் தகவல் என்று ஒன்று இல்லை. ஆகவே "பிற" என்பதைத் தேர்ந்தெடுத்து விளக்கி எழுதினேன். "உணவு உதவி" என்றிருந்த பந்திப் படத்தின் தலைப்பு மாற்றப்பட்டுவிட்டது, பதிலும் மரியாதையாகவே வந்தது. அதே தொகுப்பில் அதே பந்தியின் மற்ற படங்கள் பழைய தலைப்போடு அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முறையிடவேண்டுமாம்.

சந்தா செலுத்தலாமா என்று கேட்கும் சக பதிப்பாளர்களுக்கு என் பதில்: பேக்கரி, பானங்கள், காய்கறி, பழம், வெறும் பாத்திரங்கள் ஆகியவற்றுக்குத் தயங்காமல் செலுத்தலாம், கொடுக்கும் காசுக்கு மேலேயே கிடைக்கும். தமிழ்ச் சமையலுக்காக என்றால் வேண்டாம். இலங்கைச் சமையலுக்கு நிலைமை இன்னும் மோசம், இடியாப்பத்தையும் சொதியையும் தேடினால் சேமியா பாயசம் வருகிறது. நாங்கள் அடுத்த ஆண்டுக்கு இருப்பதிலேயே சிறிய திட்டத்துக்கு மாறுகிறோம். மிச்சமாகும் தொகையில் பிரியாணி அத்தியாயத்தை மட்டும் திண்டுக்கல்லிலேயே, கடையின் சொந்த அண்டாவோடும் தட்டுகளோடும், உள்ளூர்ப் படக்கலைஞர் ஒருவரைக் கொண்டு எடுக்கப்போகிறோம். சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சடித்தாகிவிட்டது, மாஸ்டரின் முகமும் படத்தில் இருக்கும்.